ஒரு கெட்டிலும் பத்து டாலர் பூட்ஸும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுவதும் மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம்.)



செயலாளர் சார் போன மாதம் போனில் கூப்பிட்டார். "ஏதாவது உபயோகமா பேசுங்க. தன்னம்பிக்கை, வேலைவாய்ப்பு, அந்த மாதிரி" என்றார். சரி சார் என்றுதான் சொன்னேன். ஆனால் இன்று நான் பேசப்போவது ஒரு டெலிவிஷன் தொடரைப் பற்றி. அதுவும் நான் பார்த்து வயிறெரிந்த தொடர். சார் மன்னிக்க வேண்டும். எப்படியாவது கடைசியில் வேலைக்கு வந்துவிடுகிறேன். (சிரிப்பு)

2007-ஆம் வருடம். நான் இரண்டாம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன். அரியர் பேப்பருக்குக் கைடு வாங்கி வருகிறேன் என்று சென்னைக்குப் போன என் ரூம்மேட், அந்தக் காசில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் நாவலை வாங்கிக்கொண்டு வந்தான். முன்னட்டை கிடையாது. கடைசிச் சில பக்கங்களும் கிடையாது. "என்னடா இது?" என்றேன். "போலீஸ் கதை மச்சான். ஆனா டிராகன் வருது" என்றான். அந்த அரியரை அவன் இன்னும் இரண்டு தடவை எழுதினான் என்பது வேறு விஷயம். இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திரு மச்சான், எல்லோரும் பார்க்கட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

புத்தகத்தின் பெயர் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. 1989-இல் வந்தது. எழுதியவர் டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கிலேயர். 1983 முதல் 2015 வரை 'டிஸ்க்வேர்ல்டு' என்ற ஒரே உலகத்தை வைத்து 41 நாவல்கள் எழுதியவர். அந்த உலகம் தட்டை. அதை நான்கு யானைகள் சுமக்கின்றன. அந்த யானைகளை ஒரு பெரிய ஆமை சுமந்துகொண்டு வானவெளியில் நீந்துகிறது. அஷ்ட திக்கஜங்களையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அவர் யானைகளில் மட்டும் பாதிக்குப் பாதி சிக்கனம் செய்துவிட்டார். வெளியே பார்த்தால் மாயாஜாலக் கதை. உள்ளே போனால் தபாலாபீஸ், பத்திரிகை, பாங்க், ரயில், போலீஸ் ஸ்டேஷன் என்று நமக்குத் தெரிந்த விவகாரங்கள்தான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு விசேஷம். அவர் பத்திரிகை நிருபராக ஆரம்பித்து, பிறகு 1987 வரை பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். அணுமின் நிலையங்களும் அதில் அடக்கம். அதாவது, எங்கேயாவது ஏதாவது கோளாறு என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று நிருபர்களுக்குச் சொல்கிற உத்தியோகம். இன்ஜினியர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த நகைச்சுவை எழுத்தாளர் அபூர்வம்.

கதை நடப்பது ஆங்க்-மோர்ப்போர்க் என்ற ஊரில். அங்கே திருட்டு, சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில். திருடர்களுக்குச் சங்கம் உண்டு, ஒதுக்கீடு உண்டு, திருடிவிட்டு ரசீதும் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ராத்திரி ரோந்துக்குப் போகிற காவல் படைக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. மொத்தமே மூன்று பேர். குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கிற காப்டன் வைம்ஸ். முப்பது வருஷமாக ராத்திரி டியூட்டியிலேயே இருப்பதால் வீட்டில் சண்டையே இல்லாத சார்ஜென்ட் கோலன். அவர் மனைவிக்குப் பகலில் வேலை, இரண்டு பேரும் சீட்டு எழுதி வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் நாபி. பிந்திய நாவல்களில் அவன் தான் மனிதன்தான் என்பதற்கே சர்டிபிகேட் வைத்திருப்பான். இவர்களோடு கேரட் என்று ஒரு பையன் வந்து சேர்கிறான். சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நிஜம் என்று நம்புகிறவன். வந்த வேகத்தில் திருடர் சங்கத் தலைவரையே திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்துவிடுகிறான்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் ஒரு சத்தம் கொடுத்ததும் ஆட்கள் ஒவ்வொருத்தராக ஓடி வந்து கதாநாயகன் கையால் அடி வாங்கி விழுவார்கள். அவர்களுக்கும் வீடு வாசல் உண்டே என்று ஒருவரும் நினைத்ததில்லை. அந்த ஆட்களுக்குத்தான் இந்தப் புத்தகத்தையே சமர்ப்பணம் செய்திருக்கிறார் ஆசிரியர்.

சரி, கடைசிப் பக்கங்கள் இல்லையே, என்ன செய்வது? டிராகனிடமிருந்து ஊரைக் காப்பாற்றிய நாலு பேரையும் ஊர்த் தலைவர் கூப்பிட்டு, என்ன சன்மானம் வேண்டும் என்று விசாரிக்கிறார். அந்த இடத்தில் எங்கள் புத்தகம் தீர்ந்துவிட்டது. மெஸ் டேபிளில் உட்கார்ந்து நாங்களே முடிவு கட்டினோம். ஒருத்தன் ஆயிரம் பொற்காசு என்றான். ஒருத்தன் வைம்ஸுக்கு மந்திரி பதவி என்றான். கேரட் ராஜ வம்சம் என்று கதையில் ஜாடை காட்டியிருப்பதால் நான் அவனுக்குப் பட்டாபிஷேகமே செய்து வைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு சீனியர் பெங்களூரிலிருந்து முழுப் பிரதி கொண்டுவந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே ரூமில் எட்டு பேர் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தோம். அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? சம்பளத்தில் மாதம் ஐந்து டாலர் உயர்வு. பழைய டீ கெட்டில் போய்விட்டது, அதற்குப் பதில் ஒன்று. அப்புறம், தப்பாக நினைக்கவில்லை என்றால், விளையாட ஒரு டார்ட் போர்டு. அவ்வளவுதான்.

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களில் ஒருத்தனுடைய அப்பா மில்லில் வாட்ச்மேன். அவன்தான் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பாவைக் கேட்டாலும் இதைத்தான்டா கேப்பாரு." அன்றைக்கு நான் பிராட்செட்டுக்கு அடிமையானேன்.

அடுத்து 1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்'. அதில் வைம்ஸின் பூட்ஸ் கணக்கு வரும். அவர் சம்பளம் மாதம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். வருஷக் கணக்கில் உழைக்கும். மட்டமானது 10 டாலர். ஒன்றிரண்டு சீசனில் அடி தேய்ந்து அட்டை தெரியும். பணக்காரன் ஒரே தடவை ஐம்பதைக் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் நிம்மதியாக நடப்பான். ஏழை அதே பத்து வருஷத்தில் நூறு டாலர் செலவழித்துவிட்டு, அப்போதும் ஈரக் காலோடு நிற்பான். குறைந்த விலை டெண்டரில் பம்ப் வாங்கி வருஷா வருஷம் சீல் மாற்றியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022-இல் பிரிட்டனில் விலைவாசி ஏறியபோது, ஏழைகள் வாங்குகிற மலிவுச் சாமான்களின் விலையைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று ஜாக் மன்றோ என்ற எழுத்தாளர் கிளம்பினார். அந்தக் கணக்குக்கு, பிராட்செட் தரப்பின் சம்மதத்தோடு, வைம்ஸ் பூட்ஸ் என்றே பெயர் வைத்தார். கதையில் வந்த பூட்ஸ் கடைத்தெருவுக்கே வந்துவிட்டது.

ஆனால் அந்த மட்டமான பூட்ஸில் வைம்ஸுக்கு ஒரு லாபமும் உண்டு. அடி அவ்வளவு மெல்லிசு. பனி மூடின ராத்திரியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், காலுக்குக் கீழே கல் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 டிசம்பரில் ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் செய்தி படித்தோம். பிராட்செட்டுக்கு அல்சைமர் நோயின் ஒரு அபூர்வ வகை. பிறகு டைப் அடிக்க முடியாமல் போனது. அப்போதும் வாயால் சொல்லச் சொல்ல எழுதவைத்துப் புத்தகங்களை முடித்தார். 2015 மார்ச் 12 அன்று மறைந்தார். 2004-இல் வந்த அவருடைய 'கோயிங் போஸ்டல்' நாவலில், இறந்துபோன ஒரு சிக்னல் கோபுர ஊழியனின் பெயரைச் சக ஊழியர்கள் கோபுரத்துக்குக் கோபுரம் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதைப் படித்த கம்ப்யூட்டர்காரர்கள், அவர் இறந்த பிறகு தங்கள் வெப்சைட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில் அவர் பெயரை அதே மாதிரி ஓட விட்டார்கள். பொறியாளர்கள் ஒரு எழுத்தாளருக்குச் செய்த திவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். முடிக்காத கதைகள் இருந்த ஹார்டு டிஸ்கை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிவிட வேண்டும். 2017 ஆகஸ்டில், டார்செட்டில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில், நிஜமாகவே நீராவி ரோடு ரோலரைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். தன் அரைகுறைக் கதையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதில் அத்தனை கவனம். ஆனால் முடித்த கதைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதே!

2021 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. பிபிசி அமெரிக்கா சானலில் 'தி வாட்ச்' என்ற தொடர் ஆரம்பம். வைம்ஸும் கேரட்டும் டிராகனும்! நான் அப்போது ப்ராஜெக்ட் வேலையாக ஹூஸ்டனில் இருந்தேன். கோவிட் காலம், வெளியே போக வழியில்லை. மிக்சர் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பதிமூன்று வருஷ ஆசையோடு உட்கார்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் எடுத்த தொடர். எட்டு பகுதிகள். வைம்ஸாக ரிச்சர்டு டோர்மர், மனிதர் உழைத்திருக்கிறார். ஊர்த் தலைவர் வெட்டினாரி நாவலில் ஆண். தொடரில் ஆனா சான்சலர் என்ற நடிகை. அந்த ஜில்லென்ற பார்வை அவரிடம் இருந்தது. எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆள் ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்று பார்த்துத் தொடரைத் திட்டியவர்களோடு நான் சேரமாட்டேன். பெயிண்ட் மாற்றினால் கட்டடம் விழுந்துவிடாது.

என் வருத்தம் தூண்களைப் பற்றி. முதலில், கோலனும் நாபியும் தொடரிலேயே கிடையாது. கெட்டில் கேட்ட கூட்டத்தில் இரண்டு பேர் அவுட். அடுத்து லேடி சிபில். நாவலில் அவர் நடுத்தர வயது, பெருத்த உடம்பு, கணீரென்ற குரல். வீட்டில் குட்டி டிராகன்களை வளர்த்து, அவை தலைமுடியைக் கருக்கிவிட்டதால் விக் வைத்துக்கொண்டிருப்பவர். ஊரிலேயே பெரிய பணக்காரி. இனி வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று ஊர் தீர்மானித்துவிட்ட ஒரு பெண்ணும், தானே அப்படித் தீர்மானித்துவிட்ட ஒரு குடிகாரரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதுதான் அந்தக் கதை. தொடரில் சிபில் இளம் வயது, ஒல்லி உடம்பு, கையில் ஆயுதம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட பெண்ணைக் கதையில் வைக்க பிராட்செட் தேவையில்லையே! ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வைம்ஸ். 2002-இல் வந்த 'நைட் வாட்ச்' நாவலில் ஒரு ராத்திரி வரும். ஊரில் கலவரம். கூட்டம் காவல் நிலையங்களைத் தாக்குகிறது. மற்ற இடங்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்குகிறார்கள். வைம்ஸ் என்ன செய்கிறார்? எல்லா விளக்கையும் ஏற்றச் சொல்லி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு கப் கோகோவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். சண்டை நடக்காததுதான் அங்கே வீரம். தன் கோபத்துக்குத் தானே காவல் நிற்கிற மனிதர் அவர். தொடர் அந்த நாவலிலிருந்து கார்சர் என்ற வில்லனை எடுத்துக்கொண்டது. கோகோவை விட்டுவிட்டது. தொடரின் வைம்ஸ் ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டார். பங்க் ராக் சங்கீதம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, விதி, மந்திர வாள், உலகத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு. நாங்கள் மெஸ் டேபிளில் கட்டிய முடிவு இருக்கிறதே, அது மாதிரி.

இதெல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. பிராட்செட் கதையில் மரணம் ஒரு பாத்திரம். அது பேசுவதெல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தில்தான் அச்சாகும். பெரிய எழுத்தே இல்லாத தமிழில் அதை எப்படிக் கொண்டுவருவது என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க விவாதித்திருக்கிறோம். பாதி நகைச்சுவை அடிக்குறிப்பில் இருக்கும். அதை எப்படி நடித்துக் காட்டுவது? ஆனாலும் செய்தவர்கள் உண்டு. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே ஸ்கை சானலில் 2006-இல் 'ஹாக்ஃபாதர்', 2010-இல் 'கோயிங் போஸ்டல்' வந்தன. இரண்டிலும் அவரே ஒரு சின்ன வேஷத்தில் வருவார். கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவர் குரல் கேட்டது. அதற்கும் முன்னால், 1991-இல், ஸ்டீபன் பிரிக்ஸ் என்பவர் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் ஒரு அமெச்சூர் குழுவை வைத்து 'வியர்டு சிஸ்டர்ஸ்' நாவலை மேடை ஏற்றினார். நாடகம் போட்ட அதே பிரிக்ஸ், பிறகு பிராட்செட்டோடு உட்கார்ந்து ஆங்க்-மோர்ப்போர்க்குக்குத் தெருத் தெருவாக வரைபடம் தயாரித்தார். 1993-இல் அச்சில் வந்தது. இல்லாத ஊரின் தெருக்களில் நடந்து பார்த்திருக்கிறார் மனிதர். அவர் பூட்ஸுக்கு அடி மெல்லிசு.

'தி வாட்ச்' தொடர், பிராட்செட்டின் பாத்திரங்களால் தூண்டப்பட்டது என்று மட்டும் போட்டுக்கொண்டது. அவருடைய மகள் ரியானா, அது தன் அப்பாவின் படை இல்லை என்று 2020-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒரே சீசனோடு தொடரும் நின்றுபோனது.

இனிமேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

தொடர் முடிந்த ராத்திரி, என் ரூம்மேட்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மெசேஜ் இல்லை, ப்ராஜெக்ட் ரிப்போர்ட். மொத்தம் பதினாலு பாயிண்ட். கடைசியில் இப்படி முடித்தேன்: 'ஒரு மனுஷன் முப்பது வருஷம் கட்டினதை, எது பாரம் தாங்குதுன்னு கூடப் பார்க்காம இடிச்சுட்டு, மேல அதே பேரை எழுதி வைக்கிறாங்க. இவங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?'

அவன் பதில் ஒரே வரி. 'ஏன் மச்சான், நீ அந்த கன்ட்ரோல் ரூம்ல பண்ணதும் இதானே?'

2014-இல் நான் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். நாலு வருஷ அனுபவம், நாற்பது வருஷத் திமிர். பழைய கன்ட்ரோல் பேனலை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரைகள் வைக்கிற வேலை என் பொறுப்பு. அங்கே ஒரு மூத்த ஆபரேட்டர். நாங்கள் எல்லோரும் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். பேனல் முழுக்க இன்சுலேஷன் டேப் போட்டுச் சின்னச் சின்னச் சீட்டுகளை ஒட்டி வைத்திருந்தார். 'இது தனியா அடிச்சா பயப்படாதே. பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து அடிச்சா ஓடு' என்கிற மாதிரி.

"தம்பி, ஒரே ஒரு நைட் ஷிப்ட் என்கூட நடந்து பாருங்க. எந்த லைன் எங்க சுடும், எந்த பம்ப் எப்படிச் சத்தம் போடும்னு காட்டறேன்" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். "டிராயிங் எல்லாம் இருக்குங்கய்யா" என்றேன். சீட்டுகளைச் சுரண்டி எடுத்துப் பேனலைத் துடைக்கச் சொன்னதும் நான்தான். போட்டோ நன்றாக வர வேண்டுமே.

பழைய பேனலில் அலாரம் நூற்றுச் சொச்சம். நான் இரண்டாயிரத்துக்கு மேல் வைத்தேன். சாப்ட்வேரில் அலாரத்துக்குக் காசா பணமா? அய்யா ரிடையர் ஆன அடுத்த மாதம், ஒரு ராத்திரி கூலிங் வாட்டர் பம்ப் நின்றது. பத்து நிமிஷத்தில் முந்நூறு அலாரம். திரை முழுக்கச் சிவப்பு. உட்கார்ந்திருந்தது இருபத்து மூன்று வயதுப் பையன். எதை முதலில் பார்ப்பான்? யூனிட் முழுவதும் நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இது தெரியாத ஆபத்தும் இல்லை. 1994-இல் வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது, அதற்கு முந்திய பதினோரு நிமிஷத்தில் ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து குவிந்தன என்பது விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. நான் அதைப் படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்திருந்தேன்.

எங்கள் அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். பையனுக்கு மெமோ, ஒரு இன்கிரிமென்ட் கட். இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. ரூம்மேட்டிடம் மட்டும்தான் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அவன் மறக்கவில்லை.

அந்த வாரமே ஹூஸ்டனிலிருந்து இரண்டு போன் செய்தேன். முதலில் அந்தப் பையனுக்கு. வேறு கம்பெனியில் இருந்தான். "அன்னைக்குத் தப்பு என்னுதுப்பா, உன்னுது இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இப்ப சொல்லி என்ன சார் ஆகப் போகுது" என்று வைத்துவிட்டான். அவன் சொன்னது சரி. அந்த இன்கிரிமென்டை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அவனுக்குப் புது வேலை கொடுத்தவர்களுக்கு, நடந்தது இதுதான் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிப் போட்டேன்.

அடுத்தது அய்யாவுக்கு. நான் ஆரம்பித்ததுமே சிரித்தார். "அந்தச் சீட்டா? துடைக்கிற பையன் குப்பையில போடப் போனான். நான் வாங்கி டிபன் பையில போட்டுக்கிட்டேன் தம்பி. வீட்டுல இருக்கு, வந்தா வாங்கிட்டுப் போங்க" என்றார். 2022-இல் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் போய் வாங்கினேன். மொத்தம் அறுபத்து நாலு சீட்டு. இன்று எந்தப் பழைய பிளான்டில் என்னைப் புதுசு பண்ணக் கூப்பிட்டாலும், முதல் ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. நைட் ஷிப்டில் கூட நடக்கிறேன். இதுதான் செயலாளர் சார் கேட்ட வேலைவாய்ப்பு விஷயம். (சிரிப்பு)

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்குப் பழசை மாற்றத்தான் போகிறீர்கள். அதற்குத்தான் சம்பளம். தாராளமாக மாற்றுங்கள். புதிதாகச் செய்ததற்காக நான் அந்தத் தொடர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே கையில் மந்திர வாளைக் கொடுத்துவிட்டார்களே என்பதுதான் குறை. நானும் அய்யாவுக்கு இரண்டாயிரம் அலாரம் கொடுத்தவன்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் செட் சார்பில் ஹாஸ்டலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் சேர்த்திருக்கிறோம். வாட்ச்மேன் ரூமுக்கு ஒரு எலெக்ட்ரிக் கெட்டில், ஒரு கேரம் போர்டு வாங்கித் தரலாம், பிராட்செட் நினைவாக இருக்கட்டும் என்று நானும் ரூம்மேட்டும் முடிவு செய்து, கெட்டிலை வாங்கியும் வந்துவிட்டோம். இன்று காலை கேட்டில் நின்றபோதுதான் உறைத்தது. இந்தத் தடவையும் கேட்கவில்லையே! எங்களை ராத்திரி செகண்ட் ஷோவுக்குப் பிறகு உள்ளே விட்ட அதே வாட்ச்மேன்தான் இன்னும் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

"டீ எதிர்க்கடையில வந்துரும் தம்பி, கெட்டில் எதுக்கு? மழை நாள்ல ரவுண்டு போனா ஷூவுல தண்ணி உள்ள வருது. வருஷா வருஷம் புதுசு குடுக்கறாங்க, வருஷா வருஷம் கிழியுது. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதும்" என்றார்.

அவர் பிராட்செட்டைப் படித்தவரில்லை. நாங்கள் படித்தவர்கள், கெட்டிலோடு போய் நின்றோம்.

நாலு வாட்ச்மேன்களுக்கும் நல்ல ஷூ வாங்கிவிடுகிறோம். கால் அளவு எடுக்க இன்று மாலை ரூம்மேட் போகிறான். நான்கு அளவுகளையும் சரியாக எழுதிக்கொண்டு வருவான் என்று நம்புகிறேன். அரியர் வைக்கக் கூடாது மச்சான். (சிரிப்பு) கெட்டிலைச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். யாருக்காவது நிஜமாகவே வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.